மே மாதத்து ஆய்வு

லேபர் கேம்ப், மாட்டுங்கா
18 நவம்பர் 2024

நூலக அலுவலர் திருமதி ஸ்ரீலேகா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் செம்பூரில் உங்கள் நூலகத்துக்கு வந்தேன். வெளியாட்கள் எது கேட்டாலும் கையெழுத்திட்ட கடிதமாகத் தர வேண்டும் என்று வாசலில் ஒட்டியிருந்தது. காவலாளியிடம் விசாரித்ததில், "மேடம் உங்க ஆளுதான், தமிழ்லயே எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மாரிசெல்வி. பகலில் தாராவியில் பள்ளிச் சீருடை தைக்கும் கார்கானாவில் மேற்பார்வை வேலை. வாரத்தில் நான்கு மாலைகள் லேபர் கேம்பில் ஒரு மாடி அறையில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். பாடம் சொல்லித்தருவது பாதி நேரம். மீதி நேரம் பேப்பர் படிப்பது, எழுந்து நின்று பேசப் பழகுவது, பாங்கில் படிவம் நிரப்புவது. எட்டு வருடமாக நடக்கிறது. ஓர் அறக்கட்டளை அறையைத் தந்து, இரண்டு ஆசிரியைகளையும் வைத்திருக்கிறது. வரும் ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது.

அறக்கட்டளையின் அலுவலர் சாருலதா நல்ல பெண். ஆனால் அவர் மேலிடத்தில் ஒருவர், "இதே இடத்தில் இருபது வருஷம் முன்னாடி இப்படி ஒரு திட்டம் நடந்து, மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் விலகிப் போயிட்டாங்களாமே, ஆய்வே இருக்காமே" என்று கேட்டாராம். பிள்ளைகள் விலக மாட்டார்கள் என்று நாங்கள் ஆதாரம் காட்டாவிட்டால் ஜூனில் அறை போய்விடும்.

எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, இளைஞர் மேம்பாட்டுத் திட்டங்களால் பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகள். இரண்டு, 2004-இல் எங்கள் பகுதியைப் பற்றி எழுதப்பட்ட அந்த அறிக்கை. அது உங்கள் நூலகத்தில்தான் இருப்பதாகச் சாருலதா சொன்னார்.

சிரமம் கொடுப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாரிசெல்வி


செம்பூர்
27 நவம்பர் 2024

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். உங்கள் கடிதம் தெளிவாக இருந்தது. பட்டம் பெற்றவர்கள் எழுதும் பல விண்ணப்பங்கள் அப்படி இருப்பதில்லை.

தேடியதில் முப்பத்தொரு கட்டுரைகள் கிடைத்தன. ஒன்பதை மட்டும் அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் சாரத்தையும் தமிழில் அரைப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன்.

உங்களை உற்சாகப்படுத்தும்படி எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் உள்ளது இதுதான்: பெரும்பாலான ஆய்வுகள் வகுப்பு முடிந்த அன்றே பிள்ளைகளிடம் "பிடித்ததா?" என்று கேட்டவை. டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுக் கேட்டால் யாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். பத்து, இருபது வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வு என் கைக்கு எட்டிய வரையில் ஒன்றுகூட இல்லை. அறக்கட்டளையில் விவரம் தெரிந்தவர் இருந்தால் இதைக் கேட்பார். தயாராக இருங்கள்.

பிள்ளைகளுக்கு என் வாழ்த்து.

ஸ்ரீலேகா


லேபர் கேம்ப்
9 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். அம்மா கோமதியம்மாளுக்கு மட்டும் குளிரில் முழங்கால் வலி. உங்களுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது?

ஒன்பது சாரங்களையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தோம். டீ, பிஸ்கட் வந்த இடத்தில் ஒருத்தி, "மிஸ், நமக்கு அதுகூட கெடைக்கலியே" என்றாள். எவ்வளவு நேரம் செலவழித்து எழுதியிருப்பீர்கள்! முன்பின் தெரியாத எங்களுக்காக இவ்வளவு செய்தவர் வேறு யாரும் இல்லை.

இரண்டாவதாகக் கேட்ட அறிக்கை உங்கள் உறையில் இல்லை. மறந்திருப்பீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். ஒரு விஷயம் சொல்கிறேன். 2004-இல் நடந்த அந்த வகுப்பில் நானும் படித்தேன். ஒன்பதாவது முடிந்த லீவில் ஊருக்குப் போனோம். எங்கள் பக்கம் சித்திரை வைகாசியில் கோயில் கொடைத் திருவிழா வரும். தாராவியும் லேபர் கேம்பும் பாதி காலியாகிவிடும். ஜூனில் திரும்பி வந்து பார்த்தால் வகுப்பு இல்லை. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. யார் விலகினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் தோழிகள் யாரும் விலகவில்லை. அதனால்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
மாரிசெல்வி


செம்பூர்
18 டிசம்பர் 2024

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

நலம். அம்மாவின் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய தொகுப்புகள் இடம் மாற்றப்பட்டுள்ளன. கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஸ்ரீலேகா


செம்பூர்
17 பிப்ரவரி 2025

மாரிசெல்வி அவர்களுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அறிக்கையைத் தேடிக்கொண்டிருப்பதாக டிசம்பரில் எழுதினேன். அது பொய். அறிக்கை என் மேசையிலிருந்து எட்டு அடி தூரத்தில், மூன்றாவது தட்டில் இருக்கிறது. எழுதியவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆய்வு உதவியாளர் வேலை. பிள்ளைகள் அறுபது பேரின் வீட்டுக்கும் போய், தொடர்கிறாரா, விலகிவிட்டாரா என்று குறிக்க வேண்டும். மே மாதம் பத்தாம் தேதி தொடங்கினேன், முப்பத்தொன்றுக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது வீடுகளில் ஆள் இருந்தது. நாற்பத்தொரு வீடுகள் பூட்டியிருந்தன. மூன்று முறை போயும் ஆள் இல்லை என்றால் விலகியவராகக் கொள்ளலாம் என்பது எங்கள் விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போனேன். நாற்பத்தொரு பெயருக்கு எதிரிலும் "விலகிவிட்டார்" என்று எழுதினேன். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஜூனில் வகுப்பை மூடினார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "எல்லாரும் கொடைக்குப் போயிருக்காவ, ஜூன்ல வருவாவ" என்று சொன்னார். அதைத் தாளின் ஓரத்தில் "உள்ளூர் விழா" என்று குறித்தும் வைத்திருக்கிறேன். போன வாரம் நிலவறையிலிருந்து பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஊருக்குப் போகும் வழக்கம் இல்லை. கொடை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டிருக்கலாம். இப்படிப்பட்ட திட்டங்களால் எதுவும் ஆகாது என்று எனக்கு முன்பே ஓர் எண்ணம் இருந்தது. நான் நினைத்த விடையே கிடைத்துவிட்டது. அதனால் மேலே கேட்கவில்லை.

என் கணவர் வெங்கி, "இருபது வருஷம் ஆச்சு, தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடேன், யாரு வந்து தேடப்போறா?" என்றார். நானும் சில வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிரதி இணைத்திருக்கிறேன்.

ஸ்ரீலேகா


லேபர் கேம்ப்
20 மார்ச் 2025

மேடத்துக்கு,

நலம்.

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் நல்லபடியாக எழுதியிருக்க மாட்டேன். அறிக்கையை மூன்று முறை படித்தேன். முப்பத்திரண்டாம் பக்கத்தில், "பெற்றோருக்கு ஆர்வமின்மை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "ஏளா, பூட்டைப் பாத்துட்டே இம்புட்டு எழுதிருக்காளே, ஆளைப் பாத்திருந்தா என்ன எழுதிருப்பா? அவளையே கேளு" என்றார்.

அம்மா கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. பல வருடம் கழித்துப் பிள்ளைகளைத் தேடிப்போன ஆய்வே இல்லை என்று எழுதியிருந்தீர்களே. அந்த நாற்பத்தொரு பேரும் எங்கேயோ இருக்கிறார்கள்தானே? இந்த வருடமும் கொடைக்குப் பாதிப் பேர் ஊருக்கு வருவார்கள். மீதிப் பேரில் சிலர் கல்யாணுக்கும் தாணேவுக்கும் கல்யாணமாகிப் போனவர்கள். நான் தேடுகிறேன். எப்படித் தேட வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டும்.

நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. மூன்று முறை எங்கள் படியேறி வந்திருக்கிறீர்கள். வகுப்பை மூடியவர்கள் ஒரு முறைகூட வரவில்லை. சொன்னதற்கும் வந்ததற்கும் நன்றி.

மாரிசெல்வி


செம்பூர்
28 மார்ச் 2025

அன்புள்ள மாரிசெல்வி,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டது சரியான கேள்வி.

பெயர்ப் பட்டியலை நான் வெளியே தரக் கூடாது. அந்த வருடம் யார் யார் ஊருக்குப் போனார்கள் என்று நீங்களே நினைவுபடுத்தி எழுதி அனுப்புங்கள். என் தாள்களோடு ஒப்பிட்டு ஆம், இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஏழு கேள்விகள் இணைத்திருக்கிறேன். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். யாரும் தன் தாளைத் தானே நிரப்பக் கூடாது. ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல வேண்டும். கிடைக்காதவர் பெயருக்கு எதிரில் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள், வேறு எதுவும் எழுதாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நன்றாக இருப்பவர்களை மட்டும் தேடிப்போகாதீர்கள். உங்களை அறியாமலே அப்படிச் செய்வீர்கள். நானும் என்னை அறியாமல்தான் செய்தேன். வகுப்பால் ஒரு பயனும் இல்லை என்று ஒருத்தி சொன்னால் வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வெயிலில் அலையும்போது தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீலேகா


நாங்குநேரி
12 மே 2025

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு ஊருக்கு வந்ததும் முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

நீங்கள் சரிபார்த்துத் தந்த பட்டியலோடு ஏப்ரலில் கல்யாண், தாணே, தாராவியை முடித்தேன். இங்கு வந்து மூன்று வாரத்தில் ஐந்து ஊர்க் கொடை பார்த்துவிட்டேன். ஒரு வருடமும் இவ்வளவு சாமி கும்பிட்டதில்லை. நோட்டும் பேனாவுமாகப் போனால் சனங்கள் வேறு ஏதோ நினைக்கிறார்கள். சொரிமுத்து மாமா, "என்ன தாயி, ரேசன் கார்டுக்கா? என் பேரையும் எழுதிக்கோ" என்று விடவே இல்லை.

"எதுக்குட்டி இப்ப கேக்க? அப்ப இவிய எங்க போனாவ?" என்று ஒருத்தி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னாள்.

முப்பத்தாறு பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் கிடைக்கவில்லை. ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோனாள், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். முப்பத்தாறு பேரில் முப்பத்தொரு பேர் அந்த ஜூனில் வகுப்புக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள் மேடம். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இருபத்திரண்டு பேர் எப்படியோ பத்தாவது முடித்தார்கள். ஒன்பது பேர் வகுப்பால் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். நான் வாதாடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவ்வளவுதான்.

மாரிசெல்வி


செம்பூர்
27 மே 2025

அன்புள்ள மாரிசெல்வி,

ஊரிலிருந்து நலமாகத் திரும்பியிருப்பீர்கள். தாள்கள் பத்திரமாக வந்தன. இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேர் சேகரித்த தகவல்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி சொல்லும்போது அழுதாள் என்பதைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டு, அவள் வார்த்தையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இதனால் வகுப்பு பயன் தந்தது என்று நிரூபிக்க முடியாது. பிள்ளைகள் விலகினார்கள் என்பது உண்மையல்ல என்று நிரூபிக்க முடியும். உங்கள் அறக்கட்டளை கேட்டதும் அதைத்தான். ஜூன் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று சாருலதா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதல் வரைவை எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். முப்பத்தாறு, மூன்று, ஒன்று. கூட்டினால் நாற்பது. என் தாள்களில் உள்ளவர்கள் நாற்பத்தொரு பேர். இல்லாதது உங்கள் தாள்.

ஸ்ரீலேகா


லேபர் கேம்ப்
1 ஜூன் 2025

மேடத்துக்கு,

நலம்.

மறந்துபோகவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டால் என் வகுப்புக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவும் இல்லை.

என் தாளை நானே நிரப்பக் கூடாது என்பது உங்கள் விதி. எங்கள் பிள்ளைகள் யாரையும் கேட்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு நாலு மணிக்கு வர முடியுமா? "ஐயரு வீட்டம்மா நம்ம வீட்ல காப்பி குடிப்பாவளா?" என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

மாரிசெல்வி


செம்பூர்
9 ஜூன் 2025

அன்புள்ள மாரிசெல்வி,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். காப்பி நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளரை நான் கேட்டு வாங்கியதை அம்மா இதற்குள் உங்கள் கல்லியில் வீட்டுக்கு வீடு சொல்லியிருப்பார்.

ஐந்து கேள்விகளுக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலப் பதில் சொன்னீர்கள். ஆறாவது கேள்வி, வகுப்பு நின்ற பிறகு என்ன செய்தீர்கள் என்பது. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்:

"ஒரு மாசம் தெனமும் ஆறு மணிக்குப் போய் அந்த மாடிப்படியில உக்காந்தேன். தொறப்பாங்கன்னு நெனச்சேன். சும்மாதான இருக்கான்னு ஆகஸ்டுல காஜா எடுக்கக் கார்கானாவுல விட்டாவ. பத்தாவது எழுதல. முப்பத்துமூணு வயசுல, எங்க வகுப்புப் பிள்ளைகளோட சேர்ந்து உக்காந்து எழுதினேன். பாஸ்."

எழுதும்போது என் கை நின்றது. நீங்கள், "கொறைக்காம எழுதுங்க மேடம்" என்றீர்கள். குறைக்கவில்லை.

பிப்ரவரிக் கடிதத்தில் எல்லாம் எழுதினேன், மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. அது ஒரு சொல்தானே, என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இப்போது கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

அறிக்கையை இன்று சாருலதாவுக்கு அனுப்பிவிட்டேன். ஆய்வு உங்கள் பெயரில். 2004 அறிக்கையின் முதல் பக்கத்தில், அதன் முடிவு தவறு, தவறு என்னுடையது என்று கையொப்பமிட்ட திருத்தம் ஒட்டியாயிற்று. கணினிப் பிரதியிலும் சேர்த்துவிட்டார்கள். இனி அதைத் திறக்கும் யாரும் முதலில் அந்தத் திருத்தத்தைப் படித்த பிறகுதான் மேலே போக முடியும்.

முடிவு எப்படி இருந்தாலும் எழுதுங்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி.

ஸ்ரீலேகா


லேபர் கேம்ப்
14 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் ரயில் நின்று நடந்து போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். காய்ச்சல் எதுவும் இல்லையே?

அறை போகவில்லை. மூன்று வருடத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. வருடம் ஒரு முறை வெளியாள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அதுவும் மே மாதத்தில் வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சாருலதா போனில் சொன்னதைச் சொல்கிறேன். பழைய அறிக்கையைப் பற்றிக் கேட்டாரே, அவர் கூட்டத்தில், "இந்தத் திருத்தத்தை எழுதியது யார்?" என்றாராம். "பழைய அறிக்கையை எழுதியவரேதான்" என்று சாருலதா சொன்னாராம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒன்பது பேர் பயனில்லை என்ற பக்கத்தைத் திரும்ப ஒரு முறை படித்தாராம். "இதை ஒளிக்காததால மத்ததையும் நம்புறேன்" என்றாராம்.

மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதான் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டாவளே, பெறவு என்ன?" என்றார். எனக்கும் அதுதான் பதில். ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதினால் புத்தகம் வரும் என்றுதான் நினைத்தேன். என் கூடப் படித்த முப்பத்தாறு பேர் திரும்பி வந்தார்கள். இதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாததால் இவ்வளவு நாள் தாமதம்.

நேற்று வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தது. கொண்டுவந்து விட்டவள் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி, ஒரு பயனும் இல்லைன்னு எழுதச் சொன்னியே, தாளை மாத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? எனக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் சொன்னேன். எம்மவளுக்கு ஆகாதுன்னு சொன்னேனா?" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் பையை உள்ளே வைத்துவிட்டுப் போனாள்.

உங்கள்,
மாரிசெல்வி